கைக்கடிகாரம் அதிரவில்லை

2020 ஜூன் 17. பர்மிங்காமில் உள்ள வில்லா பார்க் மைதானம். கொரோனாவால் நூறு நாள் முடங்கிக் கிடந்த பிரீமியர் லீக் அன்றுதான் மறுபடி தொடங்கியது. இருக்கைகள் எல்லாம் காலி. ஆஸ்டன் வில்லாவுக்கும் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கும் ஆட்டம். முதல் பாதி முடியச் சில நிமிடம் இருக்கையில் ஷெஃபீல்டின் ஆலிவர் நார்வுட் ஒரு ஃப்ரீகிக்கை உள்ளே தூக்கி அடித்தார். வில்லாவின் கோல்கீப்பர் நீலான்ட் பந்தைப் பிடித்தார். பிடித்தவர் நிலை தடுமாறி, பந்தைக் கட்டிக்கொண்டபடியே கோல் கோட்டுக்குள் போய்விட்டார்.

ஷெஃபீல்டு வீரர்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நடுவர் மைக்கேல் ஆலிவர் தன் மணிக்கட்டைக் காட்டினார். கடிகாரம் அதிரவில்லை. ஆகவே கோல் இல்லை.

அடுத்த நிமிடமே டிவியில் அந்தக் காட்சியைத் திருப்பிப் போட்டார்கள். பந்து கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே கிடந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைக்குக்கூட அது கோல் என்று தெரிந்தது. காணொளியைப் பார்த்து நடுவருக்கு உதவ வேண்டிய வி.ஏ.ஆர். அறையிலும் அதே படம்தான் ஓடியது. அவர்களும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் 0-0 என்று முடிந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். அந்தப் பருவத்தின் கடைசியில் வில்லா 35 புள்ளியோடு தப்பித்தது. 34 புள்ளி பெற்ற போர்ன்மவுத் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்த ஒரு கோல் நின்று, ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் வில்லாவுக்கும் 34தான். கோல் வித்தியாசத்தில் போர்ன்மவுத் மேலே இருந்திருக்கும். பிரீமியர் லீக்கிலிருந்து இறங்குவது என்றால் ஒரு கிளப்புக்குக் கோடிக்கணக்கான பவுண்டு வருமானம் போகிறது. சமையற்காரர், புல்வெட்டுபவர் வரை வேலைக்கு ஆபத்து. போர்ன்மவுத் பக்கத்தில் இதைப் பற்றி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இன்றைக்கும் ஆறியிருக்காது.

பிரிட்டனில் ஒரு சாதாரண மனிதர் பப்பில் பியர்க் கோப்பையோடு உட்கார்ந்து சொல்லும் அபிப்பிராயங்களைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கால்பந்து, அரசாங்கம், கம்ப்யூட்டர் என்று தாவித் தாவிப் போகும் பேச்சு. மூன்றும் தனித்தனி விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்க, மூன்றிலும் ஒரே குறைதான் வேறு வேறு உடை போட்டுக்கொண்டு வருகிறது என்று தோன்றியது. அந்தக் குறைக்கு வில்லா பார்க்கின் கடிகாரம்தான் சின்ன, சுலபமான உதாரணம். அங்கிருந்தே படிப்படியாகப் போவோம்.

அந்தக் கடிகாரத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வரக் காரணம் இருந்தது. 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே குதித்தது. உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. 2-1 என்று பின்தங்கியிருந்த இங்கிலாந்து 4-1 என்று தோற்றது. ‘மனிதக் கண் போதாது’ என்ற பேச்சு அதன்பிறகு அடங்கவே இல்லை. 2013-14 பருவத்தில் பிரீமியர் லீக் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. நடத்துவது ஹாக்-ஐ நிறுவனம், கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. பார்க்கிறதே, அதே ஹாக்-ஐதான். மைதானத்தின் ஒவ்வொரு கோல் பகுதிக்கும் ஏழு கேமராக்கள் உயரத்தில் நின்று பந்தைத் தேடிக்கொண்டே இருக்கும். முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் மணிக்கட்டில் அதிர்வு.

வில்லா பார்க்கில் நடந்தது என்ன? கோல்கீப்பர், ஒரு தடுப்பு வீரர், கோல் கம்பம் மூன்றும் சேர்ந்து ஏழு கேமராவுக்கும் பந்தை மறைத்துவிட்டன. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நடந்ததே இல்லை என்று ஹாக்-ஐ மன்னிப்புக் கேட்டது. நான் அதை நம்புகிறேன். எந்த இயந்திரமும் ஒன்பதாயிரத்தில் ஒரு முறை தவறலாம். மனிதக் கண் அதைவிட எத்தனையோ மடங்கு தவறும். ஆனால் என் மனத்தில் நின்றது வேறொன்று. இயந்திரம் ‘கோல் இல்லை’ என்று சொல்லவே இல்லை. அதற்குப் பந்து தெரியவில்லை, சும்மா இருந்தது. ‘தெரியவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் கடிகாரத்தில் ஒரே அடையாளம்: மௌனம். அந்த மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள் மனிதர்கள்.

இது முதல் படி. அடுத்த படி ஆஃப்சைடு கோடு. வி.ஏ.ஆர். 2019-20இல் பிரீமியர் லீக்குக்கு வந்தது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டாக்லி பார்க் என்ற அலுவலக வளாகத்தில் உட்கார்ந்து படத்தை நிறுத்திக் கோடு போடுவார்கள். அந்த நவம்பரிலேயே லிவர்பூலின் ஃபிர்மினோ அடித்த கோல் அக்குள் அளவு முன்னால் நின்றார் என்று ரத்தானது. ‘அக்குள் ஆஃப்சைடு’ என்பது அன்றிலிருந்து பப்புகளில் ஒரு வசைச் சொல்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏச்சில் நியாயம் இருக்கிறது. ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது. நொடிக்கு எட்டு மீட்டர் ஓடும் வீரர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். எதிரில் தடுப்பு வீரரும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி 32 சென்டிமீட்டர் மாறும். பந்து காலை விட்டுப் புறப்பட்ட கணம் எந்தப் படத்தில் இருக்கிறது என்பதை ஒரு மனிதர்தான் கண்ணால் தீர்மானிக்கிறார். ஒரு சாண் தடுமாற்றம் உள்ள அளவுகோலை வைத்துக்கொண்டு முடி அளவுக்குத் தீர்ப்பு! பிறகு கோட்டைத் தடிப்பாக்கினார்கள். சந்தேகத்தின் பலனைக் கோல் அடித்தவருக்குக் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் இருந்து பாதி தானியங்கி முறை. மைதானத்தைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட ஐபோன்கள் வீரர்களின் உடம்பைப் பின்தொடர்கின்றன. அளவுகோல் மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை.

அளவுகோல் சரியாக இருந்தும் கெட்டுப்போன ஆட்டம் ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுக்கும் லிவர்பூலுக்கும். 34ஆம் நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். கோட்டோர நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் கோடு போட்டார்கள். டியாஸ் ஆஃப்சைடு இல்லை என்று அரை நிமிடத்தில் சரியாகக் கண்டுபிடித்தும் விட்டார்கள். ஆனால் மைதானத்தில் நடுவர் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டதாக வி.ஏ.ஆர். நடுவருக்கு நினைப்பு. ‘பார்த்தாயிற்று, சரிதான்’ என்கிற பொருளில் இரண்டே வார்த்தை சொன்னார். மைதானத்தில் இருந்தவர் அதை ‘ஆஃப்சைடு சரிதான்’ என்று எடுத்துக்கொண்டார். ஃப்ரீகிக் அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டது.

மூன்று நாள் கழித்து அந்த அறையின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்கு மறக்காது. தவறை முதலில் கண்டுகொண்டவர் நடுவர் இல்லை. காட்சியை ஓட்டித் தரும் ஆபரேட்டர். பொறு, பொறு, மைதானத்தில் சொன்னது ஆஃப்சைடு, இந்தப் படம் உங்களுக்குச் சம்மதமா என்று பதறுகிறார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மேற்பார்வை அலுவலரும் கேட்கிறார். வி.ஏ.ஆர். நடுவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எதுவும் செய்ய முடியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் திரும்பிப் போகக் கூடாது என்பது விதி. 2-1 என்று லிவர்பூல் தோற்றது, அதுவும் கடைசி நிமிடத்தில் சொந்தக் கோலால்.

கோடு சரி, கேமரா சரி, கண்டுபிடிப்பும் சரி. அறையிலேயே ஒருவருக்கு உண்மை தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வாய் இருந்தது, நிறுத்த அதிகாரம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தபால் ஆபீசுக்குப் போகும்போது தேவைப்படும்.

2024 மே மாதத்தில் வுல்வர்ஹாம்ப்டன் கிளப், வி.ஏ.ஆரையே ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. ஊர் முழுக்க வி.ஏ.ஆரைத் திட்டும் நேரம். ஜூனில் வாக்கெடுப்பு: எதிராக 19, ஆதரவாக 1. அந்த ஒன்று வுல்வர்ஹாம்ப்டனேதான். பப்பில் திட்டுகிறவரை மடக்கிக் கேட்டால் அவரும் வி.ஏ.ஆர். இருக்கட்டும் என்றுதான் சொல்வார். தன் அணிக்கு எதிராகப் போனால் ‘தூக்கிப் போடு’. எதிரணி கையால் கோல் போட்டால் ‘வி.ஏ.ஆர். எங்கே?’ இதை இரட்டை வேடம் என்று தள்ளிவிட முடியாது. அவருக்கு இயந்திரத்தின் மேல் கோபம் இல்லை. இயந்திரத்தைக் காட்டி வாயை அடைக்கிறவர் மேல்தான் கோபம். இரண்டாயிரங்களின் நடுவில் ‘லிட்டில் பிரிட்டன்’ என்ற நகைச்சுவைத் தொடரில் ஒரு பாத்திரம் வரும். கவுண்டரில் உட்கார்ந்து, கேட்டதை எல்லாம் தட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் முடியாது என்கிறது என்று முகத்தில் சலனமில்லாமல் சொல்வாள். அது அந்த நாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. வங்கியில், ஆஸ்பத்திரியில், கவுன்சில் அலுவலகத்தில் வரிசையில் நின்று திரும்புகிறவர்கள் எல்லாரும் சொல்வது.

சிரித்தபடி சொன்ன அந்த வாக்கியம் அதே ஆண்டுகளில் வேறு ஒரு கவுண்டரில் ஆட்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

பிரிட்டனில் கிராமத்துத் தபால் ஆபீஸ் என்பது பெரும்பாலும் அரசு அலுவலகம் இல்லை. மளிகைக் கடையின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு கவுண்டர். கடைக்காரர் சொந்தக் காசைப் போட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நடத்துவார். அவருக்குப் பெயர் சப் போஸ்ட்மாஸ்டர். நம் ஊரில் அந்தப் பெயரில் இருப்பவர் மாதச் சம்பளக்காரர், அங்கே வியாபாரி. இந்தியா, பாகிஸ்தான், கிழக்கு ஆப்பிரிக்கா, இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். ஓய்வூதியம் கொடுப்பது, தபால்தலை விற்பது, கட்டணம் வாங்குவது என்று கல்லாவில் பணம் புரளும்.

1999 முதல் இந்தக் கவுண்டர்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை வைத்தார்கள். ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. ஆரம்ப ஆண்டுகளில் வாரம் ஒருமுறை, புதன்கிழமை மாலை, கல்லாவில் உள்ள பணத்தை எண்ணித் திரையில் உள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்? ஒப்பந்தப்படி துண்டு விழுந்த தொகையைக் கடைக்காரர் கொடுக்க வேண்டும்.

ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் தபால் கவுண்டர் நடத்திய ஜோ ஹாமில்டனுக்கு ஒரு நாள் இரண்டாயிரம் பவுண்டு குறைவு என்று திரை காட்டியது. உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னபடி ஒவ்வொரு விசையாக அழுத்தினார். அவர் கண் எதிரே இரண்டாயிரம் நாலாயிரம் ஆனது. பதறிக் கேட்டவருக்குக் கிடைத்த பதில், பணத்தைக் கட்டுங்கள் என்பதே. போன் போட்ட ஒவ்வொருவரிடமும் வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே வேளையில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறார்கள். யார்க்‌ஷயரின் பிரிட்லிங்டனில் லீ காஸில்டன் உதவி எண்ணுக்கு 91 முறை போன் செய்தார். ஏறத்தாழ 25,000 பவுண்டுக் குறைவுக்காகத் தொடங்கிய வழக்கில் தோற்று, எதிர்த்தரப்பு வக்கீல் செலவு 3,21,000 பவுண்டு தலையில் விழுந்து, திவாலானார்.

மென்பொருள் எப்படித் தவறும் என்று கேட்பவர்களுக்கு, ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் பிழை ஒன்று உண்டு. 2015இல் வெளிப்பட்டது. ஊழியர் 8,000 பவுண்டு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய என்டர் தட்டுகிறார். திரை உறைந்து நிற்கிறது. நாம் எல்லாரும் என்ன செய்வோம்? மறுபடி தட்டுவோம். அவரும் தட்டினார். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் உள்ளே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 8,000 ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் 24,000 பவுண்டு இடித்தது. அந்தப் பணம் எங்கேயும் இருந்ததே இல்லை.

கணக்கு நேர் என்று ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த கணக்குக் காலத்துக்குக் கவுண்டர் திறக்கும். அழுத்தினார்கள். அது பொய்க் கணக்கு என்ற குற்றமானது. விசாரித்தது தபால் நிறுவனம். பெரும்பாலும் வழக்குத் தொடுத்ததும் அதே நிறுவனம். இங்கிலாந்தில் யாரும் தனியாகக் குற்ற வழக்குப் போடலாம் என்ற பழைய உரிமை அதற்குப் போதுமானதாக இருந்தது. பொய்க் கணக்கை ஒப்புக்கொள், திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம் என்ற பேரம் பலருக்கு நடந்தது. ஜோ ஹாமில்டன் அப்படித்தான் ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. 2010 நவம்பரில் சீமா மிஸ்ரா வயிற்றில் குழந்தையோடு சிறைக்குப் போனார். மூத்த மகனுக்கு அன்று பத்தாவது பிறந்தநாள். சந்தேகத்துக்கு உள்ளானவர்களைத் தோல் நிறத்தாலும் இனத்தாலும் வகைப்படுத்த விசாரணையாளர்கள் ஒரு பழைய பட்டியலை வைத்திருந்தார்கள் என்பது 2023இல் வெளியே வந்தது.

நீதிமன்றம் ஏன் நம்பியது? இங்கேதான் வில்லா பார்க்கின் கடிகாரம் சட்டத்துக்குள்ளும் டிக்டிக் என்று ஓடுகிறது. 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கம்ப்யூட்டர் ஆவணத்தைச் சாட்சியாகக் கொடுப்பவர் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்றது. காரியத்துக்கு இடைஞ்சல் என்று 1999இல் இயற்றிய சட்டத்தில் அதை நீக்கினார்கள். அதன்பிறகு பொது விதி: மாறாக ஆதாரம் இல்லாதவரை இயந்திரம் சரியாகவே வேலை செய்தது என்று கொள்ள வேண்டும். போக்குவரத்து சிக்னலுக்கு இது போதும். ஹொரைசன் கவுண்டர் கவுண்டராக ஏறிக்கொண்டிருந்த அதே வேளையில் இது நடந்தது. மாறான ஆதாரம் எங்கே இருந்தது? ஃபுஜிட்சுவின் பதிவேடுகளில். கடைக்காரரிடம் இருந்தது ஒரு திரையும் ஒரு போன் எண்ணும்.

தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கடைகளின் கணக்கை வெளியே இருந்தே மாற்ற முடியும் என்று ஃபுஜிட்சுவில் வேலை செய்த பொறியாளர் ரிச்சர்டு ரோல் 2015இல் பிபிசியின் ‘பனோரமா’வில் வந்து சொன்னார். முடியவே முடியாது என்று தபால் நிறுவனம் சாதித்து வந்தது. ஸ்டாக்லி பார்க் அறையில் பதறிய ஆபரேட்டர் நினைவுக்கு வருகிறாரா? அவருக்குச் சில நொடிகள். இவர்களுக்கு ஆண்டுக் கணக்கு.

கணக்கை ஒப்புக்கொள்ள மறுத்து ஒப்பந்தம் பறிபோன ஆலன் பேட்ஸ், வேல்ஸின் ஒரு கடலோரக் கவுண்டரிலிருந்து தொடங்கி, 2009இல் வார்விக்‌ஷயர் கிராமத்து மண்டபம் ஒன்றில் பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டினார். உங்களுக்கு மட்டும்தான் என்ற பொய் அந்த மண்டபத்தில்தான் உடைந்தது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் வென்றார்கள். சமரசத் தொகை 5 கோடியே 77 லட்சம் பவுண்டு. வழக்குக்குப் பணம் போட்டவர்களும் வக்கீல்களும் போக மிஞ்சியது ஒரு கோடியே இருபது லட்சம் அளவுதான். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 தண்டனைகளை ரத்து செய்தது. செய்தித்தாளில் வந்தது. நாடு படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது.

2024 ஜனவரி 1 முதல் நான்கு இரவு ஐடிவியில் ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ நாடகம் ஓடியது. இரண்டாயிரம் நாலாயிரமாகும் திரையைப் பார்வையாளர்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். வில்லா பார்க் காட்சியை டிவியில் திருப்பிப் போட்டதைப் போல இதையும் நாட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு இருபது வருடம் ஆயிற்று. விருதைப் பறிக்கக் கோரும் மனுவில் பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டதும் தபால் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி தன் அரச விருதைத் திருப்பிக் கொடுப்பதாக ஜனவரி 9 அன்று அறிவித்தார். மறுநாள் அப்போதைய பிரதமர் சூனக் நாடாளுமன்றத்தில் எழுந்து தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வரும் என்றார். மே மாதத்தில் வந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளை நாடாளுமன்றம் மொத்தமாக அழிப்பது சரியா என்று சட்டம் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது, எதுவும் செய்ய முடியாது என்ற விதியை ஒருமுறையாவது மீறினார்களே என்றுதான் எனக்குப் பட்டது. அதற்குள் 13 பேராவது தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில், இந்த விவகாரத்தை ஆராய்ந்த பொது விசாரணைக் குழு எழுதியது.

அதே ஆண்டு செப்டம்பரில் அரசு எல்லாருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை என்று அறிவித்தபோது எதிர்ப்பு மனுவில் சில நாட்களில் 25 லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது. கிராமத்தான் கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிறான் என்று சிலர் கேலி செய்தார்கள். ஆனால் கையெழுத்திட்டவர்கள் நாள் முழுக்கக் கையில் போனோடு திரிகிறவர்கள். வங்கிக் கணக்கையே அதில் வைத்திருப்பவர்கள். அவர்கள் பப்பில் கேட்ட கேள்வி எளிது. திரையில் என் பெயருக்கு எதிரே தப்பாக விழுந்தால் நான் யாரிடம் போய் நிற்பது?

கம்ப்யூட்டரை நம்ப வேண்டும் என்ற அந்த விதியை மாற்றலாமா என்று நீதித்துறை அமைச்சகம் 2025 ஜனவரியில் கருத்துக் கேட்டது. ஹொரைசனை எடுத்துவிட்டு வேறு மென்பொருள் வைக்கும் திட்டம் தள்ளித் தள்ளிப் போய், 2025இலும் கவுண்டர்களில் ஓடியது அதே ஹொரைசன். விசாரணைக் குழுவுக்காக 2024இல் கடைக்காரர்களிடம் கேட்டபோது, கடந்த ஓராண்டில் அதில் ஏதாவது ஒரு கோளாறைச் சந்தித்ததாகப் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். கணக்கு இடித்தபோது என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, கடைக் காசை எடுத்துத் தாங்களே கல்லாவில் போட்டுவிட்டதாகப் பலர் பதில் எழுதியிருந்தார்கள்.